கொடிமுல்லை விழுந்த பிறகு

கொடிமுல்லை குதிரையிலிருந்து விழுந்தாள். சரி, விழுந்தாள். அப்புறம்? நோட்டில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அமுதவல்லி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கல்லூரிக்குள் எங்கோ மணி அடித்தது. இரண்டு மணி. உள்ளே கேள்வித்தாளைப் பிரித்திருப்பார்கள். இனி ஐந்து இருபது வரைக்கும் யாரும் வெளியே வர முடியாது, யாரும் உள்ளே போக முடியாது, கரூர் பைபாஸ் ரோட்டோரத்தில் இந்த மே மாத வெயிலில் முந்நூறு அப்பா அம்மாக்கள் நின்றும் குந்தியும் அந்த நீலக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவளிடமாவது ஒரு நோட்டு இருந்தது. மூன்று மணி இருபது நிமிஷம். ஒரு அத்தியாயத்தை முடிக்கத் தாராளம், நான்கு மாதமாக முடியாத அத்தியாயம் என்பதை மட்டும் மறந்துவிட்டால். கொடிமுல்லை குதிரையிலிருந்து விழுந்தாள். 'விழுந்தாள்' என்று வைப்பதா, 'தூக்கி எறியப்பட்டாள்' என்று வைப்பதா? தூக்கி எறியப்பட்டாள் என்றால் பழி குதிரை மேல் போய்விடும், அது என்ன செய்யும் பாவம், தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற குதிரை. தண்ணீர். உள்ளே மகள் நிரு தண்ணீர் குடித்தாளா? பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கூடக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். காதிலிருந்த பொட்டுக் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள், தலையிலிருந்த கிளிப்பை, கையில் கட்டியிருந்த கோயில் கயிற்றை. கயிறு முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை என்று கத்தரிக்கோல் கொண்டுவந்தாள் ஒரு போலீஸ்காரப் பெண். நிரு ஒவ்வொன்றாகக் கழற்றிக் கம்பிக்கு வெளியே நீட்டினாள், முகத்தில் ஒன்றுமே இல்லை, மருத்துவப் படிப்புக்கான தேர்வு எழுதப் போகிற பெண்ணின் முகத்தில் பயமாவது இருக்க வேண்டாமா, பஸ்ஸில் டிக்கெட் நீட்டுகிற மாதிரி நீட்டினாள். நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் கவசம் பூட்டுகிற காட்சியை அமுதவல்லி ஐந்து பக்கத்துக்கு எழுதியிருந்தாள், தோள்தகடு, மார்புத்தகடு, முழங்கால் மூடி என்று மாட்ட மாட்டக் கொடிமுல்லை நடக்க முடியாமல் வாத்து மாதிரி ஆடுவதை. நிரு அதைப் படித்துவிட்டுச் சோறு புரையேறச் சிரித்தாள். அப்போது நிரு பத்தாம் வகுப்பு.

அந்த நாவலே அப்படித்தான் வந்தது, யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல். திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் கப்பலுக்குப் போகும் பெட்டிகளுக்குச் சீட்டு அடிப்பது அமுதவல்லியின் வேலை. ஹாம்பர்க், ரோட்டர்டாம், அன்ட்வெர்ப் என்று அடித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு மதியம் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கோட்டைச் சுவர் தெரிந்தது, சுவருக்கு முன்னால் தலைக்கவசம் கண்ணை மறைக்க ஒரு பெண் குதிரையில் உட்கார்ந்துகொண்டு வழி தெரியாமல் முழித்தாள். அவ்வளவுதான். நீர்முனை என்று ஒரு நாடு. அந்த நாட்டில் கவசம் அணிந்து குதிரையேறி ஊர் ஊராகப் போய் வம்பில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குக் கவசக்காரர்கள் என்று பெயர். அப்படி ஆக ஆசைப்படுகிற பதினேழு வயசுக் கொடிமுல்லை. தன் வீரத்தைத் தானே பாட்டாகக் கட்டிப் பாடிக்கொள்ளும் குண்டு வீரன் அடலேறு. ஜலதோஷம் பிடித்துத் தும்மித் தும்மி அரை ஊரை எரித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற டிராகன். பதிப்பகத்துக்காரர் ரங்கமணி கவசக்காரி வேண்டாம், வீராங்கனை என்று வைக்கலாமே என்றார். நிருவிடம் கேட்டாள். "கவசக்காரின்னா மீன்காரி மாதிரி இருக்கும்மா. நல்லாருக்கு, அதையே வை" என்றாள் நிரு. குதிரைக்குப் பஞ்சு என்று பெயர் வைத்ததும் அவள்தான், அதற்குத் தண்ணீர் என்றால் பயம் என்று வை என்று சொன்னதும் அவள்தான். ஏன்டி என்றால், வை, பின்னாடி எங்கயாச்சும் மாட்டும், அப்ப ஜாலியா இருக்கும். மாட்டிக்கொண்டது. கடைசி அத்தியாயத்தில், கவசக்காரியாகப் பட்டம் வாங்குகிற சோதனையில், குதிரையில் பாய்ந்து வந்து அகழியைத் தாண்டி ஈட்டி முனையில் வளையத்தை எடுக்க வேண்டும். பஞ்சு அகழியின் ஓரத்தில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. கொடிமுல்லை மட்டும் பறந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க. கொடிமுல்லை குதிரையிலிருந்து விழுந்தாள்.

வெயில் கால்விரலைச் சுட்டது. நிழல் நகர்ந்திருந்தது. நிழல் என்று அங்கே இருந்தது நிறுத்தி வைத்திருந்த ஒரு கல்லூரி பஸ்ஸின் நிழல்தான், அதில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நிழல் ஒரு அடி தள்ளினால் நாற்பது பேரும் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி தள்ள வேண்டியிருந்தது. அமுதவல்லியும் தள்ளினாள். பக்கத்தில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்த அம்மாள் அவளுக்கும் சேர்த்து இரண்டு வீச்சு வீசிவிட்டு, "பையனுங்களா, புள்ளைங்களா?" என்றாள். புள்ளைங்க. "எத்தனாவது தடவைங்க?" கேட்டேவிட்டாள். உட்கார்ந்த கால் மணி நேரத்தில் கேட்டேவிட்டாள். ரெண்டாவது என்று சொன்னபோது அமுதவல்லியின் குரல் ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி வெளியே வந்தது, அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது, ரெண்டாவது என்றால் என்ன, பத்தாவது என்றால்தான் என்ன. "எங்க பையன் மொதத் தடவைங்க. இருந்தாலும் அறுநூறுக்குக் கொறையாதுங்கறான். போன வருசத்துக்கும் இந்த வருசத்துக்கும் கட் ஆஃப் எப்படிப் போகும்னு நினைக்கறீங்க?" கோகிலவாணி என்று தன் பெயரைச் சொன்னாள் அந்த அம்மாள், பெருந்துறை, வீட்டுக்காரர் டயர் கடை, பையன் எட்டாவதிலிருந்தே கோச்சிங். அமுதவல்லி தலையாட்டினாள். அறுநூறு. நிருவுக்குப் போன வருஷம் எவ்வளவு என்பதை அடுத்துக் கேட்பாள். கேட்டாள். "அது... உடம்பு சரியில்லாமப் போச்சுங்க, சரியா எழுதல" என்றாள் அமுதவல்லி. எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது. பொய். அந்தச் சொல் மனசில் வந்ததுமே நோட்டை மூடி மடியில் கவிழ்த்தாள், அதற்குள் எழுதியிருப்பதைக் கோகிலவாணி படித்துவிடுவாள் என்பது போல. "என்னங்க எழுதறீங்க, சாமி பேரா?" "கதைங்க." "கதையா? புள்ள உள்ள பரீட்சை எழுதறா, நீங்க இங்க கதை எழுதறீங்களா?" என்று அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அமுதவல்லிக்குக் காதுமடல் சுட்டது. ஆமாம், உள்ளே அவள் எழுதுகிறாள், வெளியே நான் எழுதுகிறேன், இருவருக்கும் வரவில்லை என்றால் என்ன செய்வது. வரும். அவளுக்கு வரும். மாதிரித் தேர்வில் ஐந்நூற்று எழுபது வாங்கினாள். ஒரு முறை. அடுத்த முறை நானூற்றுப் பத்து. ஏன் என்று கேட்கவில்லை அமுதவல்லி. கேட்கக் கூடாது என்று முடிவு செய்து ஒரு வருஷமாகிறது.

போன ஜூனில் முடிவு வந்த அன்றைக்கு நிரு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவள் ஒன்பது நாள் பேசவில்லை, ஆம், வேண்டாம், வெச்சுட்டுப் போ, இந்த மூன்றைத் தவிர. ஒன்பதாம் நாள் காலையில் குளிக்கப் போனாள். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் கேட்டது, பிறகு நின்றுவிட்டது, நின்ற பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அமுதவல்லி அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். தினமும் பேப்பரில் படிக்கிறோமே, அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் இப்படித்தான் ஒரு கதவுக்கு வெளியே நின்றிருப்பார்கள், கையில் கரண்டியோடு, தட்டலாமா வேண்டாமா என்று, தட்டினால் கோபித்துக்கொள்வாளோ என்று, அந்த இரண்டு நிமிஷத்தில்தான். தட்டினாள். பதில் இல்லை. "நிரு, சோப்பு இருக்கா?" என்றாள். உலகத்தில் கேட்பதற்கு எத்தனையோ இருக்க, சோப்பு. உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கு." அமுதவல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்தபோது நிருவின் தலைமுடி காய்ந்தே இருந்தது, குளிக்கவே இல்லை, அம்மாவைத் தாண்டிப் போய்விட்டாள். மறுநாள் அமுதவல்லி திருப்புளியை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள், துருப்பிடித்துப்போச்சு, புதுசு வாங்கணும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே. புதுசு வாங்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. ஓசூரில் வேலை பார்க்கிற இளங்கோ சனிக்கிழமை வந்தபோது கதவில் நான்கு ஓட்டைகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இருமிக்கொண்டே குளித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் இருமிக்கொண்டோ பாடிக்கொண்டோதான் குளிக்கிறார்கள். நிரு மட்டும் பேசாமல் குளிக்கிறாள்.

போன் அதிர்ந்தது. இளங்கோதான், ஒரே சொல்: 'எப்படி?' எப்படி என்றால் என்ன எப்படி, உள்ளே கேமரா வைத்தா பார்த்துக்கொண்டிருக்கிறேன்? நடக்குது என்று அனுப்பினாள். உடனே கையெடுத்துக் கும்பிடுகிற படம் ஒன்று வந்தது. நல்ல மனிதர்தான். எரிச்சலாக வந்தது. நோட்டைத் திறந்தாள். கொடிமுல்லை குதிரையிலிருந்து விழுந்தாள். முதல் தடவை எழுதினபோது இதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை: விழுந்தாள், அகழிச் சேற்றில் மூக்குவரை முழுகி எழுந்தாள், ஊரே மூச்சடக்கி நிற்க, தலைக்கவசத்திலிருந்து ஒரு தவளையை எடுத்து வெளியே விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள், ஊரும் சிரித்தது, ராணி சிரித்தாள், டிராகன் சிரித்துத் தும்மிற்று. எழுதிவிட்டு அமுதவல்லியே சிரித்தாள், ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு. நிரு அப்போதெல்லாம் நாவலைப் படிப்பதை நிறுத்தியிருந்தாள், நேரமில்லம்மா, அவ்வளவுதான். ஆனால் ஜனவரியில் ஒரு நாள் தானாகவே வந்து கேட்டாள், அந்தக் கதை முடிஞ்சுதா? அமுதவல்லி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் மேசைமேல் இருந்தது. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தாள். தவளைக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. 'வாய்விட்டுச் சிரித்தாள்' என்ற இடத்துக்கு நேராக, ஓரத்தில், பென்சிலில், சின்ன எழுத்தில், பொய். அவ்வளவுதான். கோபமாக அழுத்தி எழுதவில்லை. ரப்பரால் அழித்தால் போய்விடுகிற மாதிரி எழுதியிருந்தாள். அழித்தும் பார்த்தாள் அமுதவல்லி. காகிதத்தில் தடம் இருந்தது.

அப்புறம் எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாள். அழ வைத்தாள். கொடிமுல்லை அழ ஆரம்பித்தவள் மூன்று பக்கத்துக்கு நிறுத்தவே இல்லை, குண்டு அடலேறு கூடச் சேர்ந்து அழுதான், புத்தகமே நனைந்து கனத்துப்போயிற்று, கிழித்தாள். கோபப்பட வைத்தாள். கொடிமுல்லை பஞ்சுவைச் சாட்டையால் அடித்தாள், அடித்த கையை அமுதவல்லியால் பார்க்க முடியவில்லை, கிழித்தாள். அகழிக்கு அந்தப் பக்கம் எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடந்தே போய்விடுகிற மாதிரி எழுதினாள், அது நன்றாக இருந்தது, மிகவும் நன்றாக இருந்தது, எழுதி முடித்த பிறகு இவள் எங்கே போகிறாள் என்று ஒரு பயம் வந்தது, எங்கே போகிறாள், தனியாக, சேற்றோடு, பொழுது சாய்கிற நேரத்தில் - கிழித்தாள், பொடிப்பொடியாக. மூன்று மணிக்கு மேல் ரங்கமணி போனில் கூப்பிட்டார். "மேடம், தொந்தரவு பண்றேனா?" இல்லை என்றாள், பொய்தான், வேறென்ன சொல்வது. "அட்டைப்படம் ரெடி. குதிரை அருமையா வந்திருக்கு. கடைசி அத்தியாயம் மட்டுந்தான் பாக்கி. நான் ஏற்கெனவே படிச்சேனே மேடம், தவளை, சிரிப்பு, எல்லாம் பிரமாதமா இருந்துச்சே, அதையே குடுத்துடலாமே?" அது சரியில்லைங்க. "என்ன சரியில்ல? சின்னப் பசங்க புக்கு. கடைசிப் பக்கத்தை மூடறப்ப மூஞ்சில ஒரு சிரிப்பு இருக்கணும், அவ்வளவுதானே." யார் மூஞ்சியில் என்று கேட்க நினைத்தாள். பத்து நாள் அவகாசம் கேட்டாள். "நாலு மாசமா பத்து நாள்ங்கறீங்க" என்றார் அவர், கோபமில்லாமல், அது இன்னும் மோசமாக இருந்தது. எல்லோரும் ஏன் இவ்வளவு தன்மையாகப் பேசுகிறார்கள். யாராவது கத்தினால் நன்றாக இருக்கும். நிழல் தள்ளியது. நாற்பது பேரும் எழுந்து தள்ளினார்கள். கோகிலவாணி மோர் பாக்கெட் ஒன்றைப் பல்லால் கிழித்து நீட்டினாள், வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் வாங்கிக் குடித்தாள், வெந்நீர் மாதிரி இருந்தது. இந்நேரம் கெமிஸ்ட்ரிக்கு வந்திருப்பாள். ஃபேன் ஓடுகிறதோ இல்லையோ.

நாலரைக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது, தட்டுப்பட்டதும் இத்தனை நாள் எப்படி விட்டேன் என்று தன் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றியது. கொடிமுல்லையின் அம்மா எங்கே? இரண்டாம் அத்தியாயத்தில் கவசத்தைப் பூட்டிவிட்டவள் அவள்தானே. பூட்டி, ரொட்டியும் வெல்லமும் மூட்டை கட்டிக் கொடுத்து, போய்ட்டு வா என்று அனுப்பினாள், அத்தோடு இருநூறு பக்கத்துக்கு ஆளையே காணவில்லை. மகள் டிராகனிடம் மாட்டினாள், ஆற்றில் விழுந்தாள், பொய்க் கால் கட்டிய கொள்ளைக்காரனோடு சண்டை போட்டாள், அம்மா எங்கேயாவது எட்டிப் பார்த்தாளா? எழுதினவளே ஒரு அம்மா, எழுதின கதையில் அம்மாவைத் தொலைத்துவிட்டாள். சோதனை நாளன்று ஊரே வந்திருக்கும்போது அவள் வராமலா இருப்பாள்? வந்திருப்பாள். கயிறு கட்டியிருக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம், கூட்டத்தில், வெயிலில், கால் மாற்றி நின்றுகொண்டிருப்பாள். பேனா ஓட ஆரம்பித்தது. கொடிமுல்லை விழுந்ததும் கூட்டத்திலிருந்து ஒருத்தி கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாள். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். அவள் ஈட்டியைக் கையால் ஒதுக்கிவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு ஓடினாள். நன்றாக வருகிறது, இதுதான், நான்கு மாதத்தில் முதல் தடவையாகப் பேனா இழுத்துக்கொண்டு போகிறது. மகள் பக்கத்தில் போய்ச் சேற்றில் மண்டிபோட்டாள். தலைக்கவசத்தைத் தூக்கினாள். உள்ளே முகம். அம்மா சொன்னாள் - அமுதவல்லி நிறுத்தினாள். அம்மா என்ன சொன்னாள்? எழுதினாள்: 'பரவாயில்லை கண்ணு.' பார்த்தாள். நீல மையில், அழகான கையெழுத்தில், பரவாயில்லை கண்ணு. அந்தப் பழைய சிரிப்பை விட இது பெரிய பொய்யாக இருந்தது. பரவாயில்லை. மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை, சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பரவாயில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள் இந்த ஒரு வருஷத்தில், சொல்லும்போதெல்லாம் நிருவின் முகத்தில் ஒரு ஷட்டர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, இன்னும் மெதுவாக, இன்னும் இனிமையாக, கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி. எதுவுமே 'பரவாயில்லை' இல்லை. எல்லாமே பரவுகிறது. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறவளுக்கு எது பரவாயில்லை? பேனாவால் அந்த இரண்டு சொல்லையும் அடித்தாள், காகிதம் கிழிகிற வரை அடித்தாள், அடுத்த பக்கத்திலும் கோடு விழுந்தது. வேறு ஒன்று எழுது. அம்மா சொன்னாள். அம்மா சொன்னாள். ஒன்றும் வரவில்லை. ஒற்றைச் செருப்போடு அந்த அம்மா சேற்றில் மண்டிபோட்டு வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள். நோட்டை மூடிப் பைக்குள் திணித்தாள் அமுதவல்லி. பத்து நாளும் வேண்டாம், நூறு நாளும் வேண்டாம், தவளையும் சிரிப்புமாக அவரே போட்டுக்கொள்ளட்டும், எக்கேடும் கெடட்டும்.

ஐந்து இருபதுக்கு மணி அடித்தது. முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கேட்டைத் திறக்க இன்னும் இருபது நிமிஷம் ஆயிற்று, திறந்ததும் பிள்ளைகள் நடந்து வராமல் கொட்டுகிற மாதிரி வந்தார்கள், சிலர் போனைத் தேடி ஓடினார்கள், ஒரு பெண் அப்பாவைப் பார்த்ததும் அழுதாள், கோகிலவாணியின் பையன் வந்து "ஃபிசிக்ஸ் செத்தேம்மா" என்று பையைத் தரையில் போட்டான். கோகிலவாணி விசிறிக்கொண்டிருந்த கைக்குட்டை நின்றுவிட்டது. நிருவைக் காணவில்லை. கூட்டம் குறையக் குறைய அமுதவல்லி கேட்டுக்கு இன்னும் கிட்டப் போனாள். கூட்டம் முக்கால்வாசி கரைந்த பிறகு, அந்த நீளமான சிமெண்டுப் பாதையில், அவசரமே இல்லாமல், கண்ணாடிப் பாட்டில் மாதிரி இருந்த அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலைக் காலில் தட்டிக்கொண்டு நிரு வந்தாள்.

"போலாமா?" என்றாள்.

"ம். பசிக்குதா கண்ணு?"

"பசிக்குது."

பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. நிறுத்தத்தில் கோகிலவாணியும் மகனும் முன்பே வந்து நின்றிருந்தார்கள். கேட்காதே, கேட்காதே, அவளே சொல்லட்டும் என்று அமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளே சொன்னாள்.

"ஃபிசிக்ஸ் எழுதலம்மா."

"கஷ்டமா இருந்துச்சா?"

"தெரியாது. நான் அந்தப் பக்கத்தையே திருப்பல. பயாலஜி முடிச்சேன், கெமிஸ்ட்ரி முடிச்சேன். அப்புறம் பேனாவ வெச்சுட்டேன்."

"தலை சுத்துச்சா? மயக்கமா?"

"இல்ல. வேணாம்னு தோணுச்சு. எனக்கு டாக்டர் ஆக வேணாம். ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன்."

ஒரு மணி நேரம். அமுதவல்லி வாயைத் திறந்தாள். எந்தச் சொல் வரப்போகிறது என்று அவளுக்கே தெரியும், ஒரு வருஷமாகத் தானாக வந்து நிற்கிற சொல், 'ப' வரைக்கும் உதடு கூட மூடிவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. வேறு எதுவோ அதைத் தள்ளிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது.

"உக்காந்திருந்தியா? உள்ள ஃபேனுக்கு அடியில சும்மா உக்காந்திருந்தியா? நான் இங்க ஒரு பஸ்ஸு நெழலுக்குப் பின்னாடி நாய் மாதிரி நகர்ந்து நகர்ந்து... ஏன்டி, வேணாம்னா நேத்து சொல்றதுக்கு என்ன? போன மாசம் சொல்றதுக்கு என்ன? வாயில என்ன வெச்சிருந்த?"

நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நிரு ஒரு அடி பின்னால் போனாள்.

"ம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! ஒரு வருஷமா நான் உன்னையே பாத்துட்டிருக்கேன், இவங்க ரெண்டு நிமிஷம் பாத்தா என்ன கேடு? கேட்டா பதில் கிடையாது. சோத்தத் தட்டோட வெச்சுட்டு எந்திரிக்கறது. ஈரத் துண்டை மெத்தை மேல போடறது, எத்தனை தடவை, தெனமும், அந்த மெத்தைக்கு வாய் இருந்தா அழும். நீ உள்ள என்ன நினைச்சிட்டிருக்கேன்னு தெரியாம நான் ராத்திரி ராத்திரி எந்திரிச்சு வந்து நின்னு... உனக்குத் தெரியுமா? தெரியுமாடி?"

குரல் உடைந்தது. ஆனால் அழுகை இல்லை, அப்படியே கோபம்தான். நிரு அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் கம்பிக்கு உள்ளேயிருந்து பார்த்த முகம் இல்லை அது. கன்னத்தில் இரத்தம் ஏறியிருந்தது.

"தெரியும்" என்றாள். "தெனமும் முழிச்சிட்டுத்தான் இருந்தேன். நீ வந்து நிப்ப, ஒண்ணும் பேசாமப் போயிருவ. காலைல எந்திரிச்சா என்கிட்ட நர்ஸ் மாதிரி பேசுவ. கண்ணு கண்ணுங்கற. எப்ப என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டிருக்க நீ? நான் என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கேன்? ஒரு வருஷமா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருப்பியா?"

"திட்டினா நீ எதாச்சும் பண்ணிக்குவேன்னு பயந்துதான்டி திட்டல!"

சொல்லிவிட்டாள். பைபாஸ் ரோட்டில், பெருந்துறை டயர் கடைக்காரர் மனைவி கேட்க, சொல்லியே விட்டாள். லாரி ஒன்று அலறிக்கொண்டு போனது. நிரு அது போகிற வரை பார்த்தாள்.

"பண்ணிக்க மாட்டேன்" என்றாள் கடைசியில். பிறகு குரலை உயர்த்தி, "அதை நேராக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல? சோப்பு இருக்கான்னு கேட்டா?"

"வேற என்னத்தைடி கேக்கச் சொல்ற?"

கரூர் பஸ் வந்து நின்றது. கோகிலவாணி மகனை முன்னால் தள்ளி ஏற்றிவிட்டு, படியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கண்டக்டர் குனிந்து, "ஏறுறீங்களாம்மா, இல்லையா?" என்றார்.

"இல்ல" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில்.

விசில் கேட்டது. பஸ் போய்விட்டது. அமுதவல்லி முந்தானையால் முகத்தின் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"எங்க விட்டேன்?" என்றாள்.

"ஈரத் துண்டு" என்றாள் நிரு.